முத்தி யாருக்கு?

திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார் 13-ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரைப் பாடியபோது, தம் சமயக் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால் பிறர் கொள்கைகளை ஆராயும் பரபக்கத்தை வைத்தார். உலகாயதன் தொடங்கிப் பாஞ்சராத்திரி வரை 14 தரப்பினர் அங்கே வரிசையாக வருகிறார்கள். அவர்களில் நால்வர் பௌத்தர்: சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன். ஒவ்வொருவரையும் முதலில் அவரவர் வாயாலேயே பேசவிட்டு, பிறகே மறுக்கிறார் அருணந்தியார். சௌத்திராந்திகனோடு நடக்கும் வழக்கில் அவர் எழுப்பும் ஒரு கேள்வி மிக எளிமையானது. ஐந்து கந்தங்கள் அழிவதே முத்தி என்கிறாய். கந்தங்களுக்கு அப்பால் உயிர் என்று ஒன்றும் கிடையாது என்றும் சொல்கிறாய். அப்படியானால் முத்தி அடைகிறவன் யார்?

மோட்சமும் நிருவாணமும் ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு என்ற பேச்சு இன்று மேடைகளிலும் ஆன்மிக நூல்களிலும் சாதாரணமாகிவிட்டது. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் இந்த இரண்டு மரபுகளிலும் வாழ்நாளையே கொடுத்துச் சிந்தித்தவர்களில் பெரும்பாலோர் அதை ஏற்றிருக்க மாட்டார்கள். அவர்கள் ஒருவரையொருவர் கூர்ந்து படித்தார்கள். எங்கே பிரிகிறோம் என்பதைத் துல்லியமாக அறிந்திருந்தார்கள். முத்திநிலை எப்படி இருக்கும் என்ற வருணனையில் அந்தப் பிரிவைத் தேடினால் அகப்படாது. கட்டுண்டு கிடப்பது யார் என்ற கேள்வியில்தான் பாதைகள் பிரிகின்றன. அருணந்தியார் கைவைத்தது சரியான இடத்தில்.

இரு மரபுக்கும் பொதுவான நிலம் ஒன்று உண்டு: செய்த வினை பிறவியைத் தருகிறது, பிறவிக்கு முடிவு தேட வேண்டும் என்ற எண்ணம். வேதத்தின் தொன்மையான பகுதிகளில் இது தெளிவாகக் காணப்படவில்லை. ரிக்வேதத்து மக்கள் வேண்டியது நூறாண்டு வாழ்வும் மக்கட்பேறும் இறந்தபின் முன்னோர் உலகமும். பிருகதாரணியக உபநிடதத்தில்தான் வேறொரு குரல் கேட்கிறது. இறந்தவன் என்ன ஆகிறான் என்று ஆர்த்தபாகர் அவையில் கேட்க, யாக்ஞவல்கியர் அவர் கையைப் பிடித்துத் தனியே அழைத்துச் செல்கிறார். இருவரும் பேசியது வினையைப் பற்றி என்று மட்டும் நூல் நமக்குச் சொல்கிறது. பாஞ்சால அரசன் பிரவாகண ஜைவலி மறுபிறவி பற்றிய வித்தையை உத்தாலக ஆருணிக்குச் சொல்லும்போது, இது இதற்குமுன் அந்தணர்களிடம் இருந்ததில்லை என்று குறிப்பிடுகிறான். கங்கைச் சமவெளியில் புதிதாகப் பரவிய இந்தக் கவலையைச் சமணரும் ஆசீவகரும் பௌத்தரும் தத்தம் முறையில் எடுத்துக்கொண்டார்கள்.

அதே உபநிடதத்தில் இன்னொரு காட்சி வருகிறது. இந்த ஒப்பீடு முழுவதற்கும் அதுவே திறவுகோல் என்று நான் கருதுகிறேன். துறவு மேற்கொள்ளத் தீர்மானித்த யாக்ஞவல்கியர் தம் உடைமையை மனைவியர் இருவருக்கும் பிரித்துக் கொடுக்க முன்வருகிறார். பொருளால் சாவாமை கிட்டுமா என்று மைத்ரேயி கேட்கிறாள். கிட்டாது என்கிறார். அப்படியென்றால் உங்களுக்குத் தெரிந்ததை எனக்குச் சொல்லுங்கள் என்கிறாள். நீரில் கரைந்த உப்பை அவர் எடுத்துக்காட்டுகிறார்: எந்தப் பக்கம் அள்ளினாலும் உப்புக் கரிக்கும், ஆனால் உப்பைத் தனியே எடுக்க முடியாது, எல்லையற்ற அறிவுப்பொருளும் அப்படித்தான், பூதங்களிலிருந்து எழுந்து அவற்றோடே மறைந்தபின் தனி உணர்வு என்று ஒன்று இருக்காது. மைத்ரேயி கலங்கிப்போகிறாள். என்னைக் குழப்பிவிட்டீர்கள் என்று கணவரிடமே சொல்கிறாள். இரண்டு இருக்கும் இடத்தில்தான் ஒன்று மற்றொன்றைக் காணவும் கேட்கவும் முடியும், யாவும் ஆன்மாவே ஆனபின் எதைக் கொண்டு எதை அறிவது என்று அவர் விளக்குகிறார்.

மைத்ரேயியின் கலக்கத்தை உரைகாரர்கள் விரைவாகக் கடந்துவிடுவார்கள். எனக்கு அது பெரிதாகப் படுகிறது. விடுதலை என்பது என் அழிவா என்ற அச்சம் பௌத்தத்தோடு பிறந்ததன்று. உபநிடதத்தின் நடுவிலேயே ஒரு பெண்ணின் வாயிலாக அது பதிவாகியிருக்கிறது. யாக்ஞவல்கியரின் விடையில் ஓர் உறுதியும் இருக்கிறது: காண்பதற்கு வேறொன்று இல்லாமல் போகலாம், காண்பவன் இல்லாமல் போவதில்லை.

அந்த உறுதியைத்தான் புத்தர் கொடுக்க மறுத்தார். சாரநாத்தில் அவர் முதலில் உரைத்தது நான்கு வாய்மைகளை. அதைக் கேட்ட ஐந்து துறவியரில் கொண்டஞ்ஞர் என்பவருக்கு அறக்கண் திறந்தது. ஆனால் ஐவரும் முழு விடுதலை பெற்றது அடுத்த உரையைக் கேட்டபோது என்று பாலி நூல்கள் சொல்கின்றன. அந்த இரண்டாம் உரையின் பொருள் அனான்மம். உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு என்ற ஐந்து கந்தங்களில் எதுவும் நான் சொன்னபடி கேட்பதில்லை, எதுவும் நிலைப்பதில்லை. ஆகவே எதையும் நான் என்றோ எனது என்றோ கொள்வதற்கில்லை. உபநிடதம் மெய்யான நானைத் தேடிக் கண்டடைந்ததால் விடுதலை என்றது. இங்கே அந்தத் தேடலைக் கைவிட்டவுடன் விடுதலை.

இறந்தபின் ததாகதர் இருக்கிறாரா, இல்லையா என்று வச்சகோத்தர் என்ற பரிவிராசகர் கேட்டபோது, அணைந்த நெருப்பு கிழக்கே போயிற்றா மேற்கே போயிற்றா என்று கேட்டால் எப்படியோ அப்படி என்றார் புத்தர். எரிபொருள் தீர்ந்தது, நெருப்பு அணைந்தது. திசை கேட்பது பொருந்தாது. இதை அழிவுவாதம் என்று எடுத்துக்கொண்டவர்கள் அவர் காலத்துச் சங்கத்திலேயே இருந்தார்கள். ஆசைகளை வென்றவர் உடல் விழுந்ததும் அடியோடு அழிந்துபோகிறார் என்று யமகர் என்ற பிக்கு நம்பினார். சாரிபுத்தர் அவரைத் திருத்திய முறை நுட்பமானது. ததாகதர் இப்போது உயிரோடு உன் கண்முன் இருக்கும்போதே உருவத்திலோ உணர்விலோ, இவற்றுக்கு வெளியிலோ அவரைப் பிடித்துக் காட்ட உன்னால் முடிகிறதா? முடியவில்லை. இருக்கும்போதே பிடிபடாத ஒருவர் அழிந்தார் என்று எப்படிச் சொல்வாய்?

அருணந்தியாருக்குப் பௌத்தர் சொல்லக்கூடிய விடை இதுதான். முத்தி அடைகிறவன் யார் என்று தேடுவதே கட்டின் ஒரு பகுதி என்பார்கள். சில காலம் காஞ்சியில் தங்கி, பின்னர் இலங்கையில் விசுத்திமக்கத்தை எழுதிய புத்தகோசரும் இதே நிலையில் நின்றார்: வழி உண்டு, நடப்பவர் என்று தனியே ஒருவரைக் காட்ட முடியாது.

இந்த விடை எல்லாப் பௌத்தர்களுக்கும் நிறைவு தரவில்லை. கந்தங்களோடு ஒன்றும் அல்லாத, அவற்றின் வேறும் அல்லாத ‘புத்கலம்’ ஒன்று உண்டு என்று வாதிட்ட பிரிவினர் பௌத்தத்துக்குள்ளேயே இருந்தனர். அவர்களில் முக்கியமானவர்கள் சம்மிதீயர். சுமையைச் சுமப்பவன் ஒருவன் வேண்டாமா என்பது அவர்கள் வாதம். வசுபந்து தம் அபிதர்மகோசத்தின் இறுதிப் பகுதியை அவர்களை மறுப்பதற்கே ஒதுக்கினார். 7-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி யுவான் சுவாங்கின் குறிப்புகளைப் பார்த்தால், சம்மிதீயர் அன்று வடஇந்தியாவின் பெரிய பிரிவுகளில் ஒன்று என்பது தெரிகிறது. மைத்ரேயியின் கலக்கம் மடாலயங்களுக்குள்ளும் தொடர்ந்திருக்கிறது.

இந்துத் தரப்பும் ஒற்றைக் குரலில் பேசவில்லை. நியாய வைசேடிகர் சொல்லும் முத்தியில் துன்பம் மட்டுமல்ல, இன்பமும் அறிவும்கூட இராது. கல்லாய்க் கிடப்பதா முத்தி என்று மற்ற வைதிகர்களே அவர்களைக் கேட்டார்கள். அத்வைதத்தின் நிலை இன்னும் சிக்கலானது. கௌடபாதரின் மாண்டூக்கிய காரிகையின் நான்காம் பகுதி பௌத்தச் சொற்களாலும் வாதங்களாலும் நிறைந்தது. பந்தமும் முத்தியும் உயர்ந்த நிலையில் உண்மையல்ல என்று அவர் சொல்வதும், சம்சாரத்துக்கும் நிருவாணத்துக்கும் இம்மியளவும் வேற்றுமை இல்லை என்று நாகார்ச்சுனர் சொன்னதும் மிக அருகருகே நிற்கின்றன. சங்கரர் பௌத்தத்தைக் கடுமையாக மறுத்தவர். அப்படியிருந்தும் அவரை மறைமுகப் பௌத்தர் என்று சாடியவர்கள் வைணவ ஆசாரியர்கள். அந்தச் சாடலை முழு நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். மாயையை எல்லாம் நீக்கியபின் எஞ்சும் சாட்சியான அறிவைச் சங்கரர் விடவில்லை. நாகார்ச்சுனர் அதையும் விட்டார். பார்வைக்குச் சிறிய இடைவெளி, ஆனால் தாண்டமுடியாதது.

இராமானுசர் இங்கே எழுப்பிய தடை தத்துவப் புத்தகங்களின் எல்லையைத் தாண்டி ஒவ்வொரு மனிதருக்கும் விளங்கக்கூடியது. நான் என்ற பொருளே இல்லாமல் போவதுதான் மோட்சம் என்றால், அதற்காக யார் பாடுபடுவார்கள்? அந்தப் பேச்சு எழுந்தவுடனே எழுந்து போய்விடுவார்களே என்று ஸ்ரீபாஷ்யத்தில் கேட்கிறார். அவர் அங்கே எதிர்ப்பது அத்வைதிகளை. ஆனால் அது பௌத்தரையும் சேர்த்தே தொடுகிறது. அவர் காட்டும் வீடு, நான் நானாகவே இருந்து இறைவனுக்குத் தொண்டு செய்யும் இடம். அன்பு செய்ய இருவர் வேண்டும் என்ற பக்தி மரபின் உறுதி அதற்குள் இருக்கிறது.

தமிழில் இந்த வழக்கின் பௌத்தத் தரப்பை முழுமையாகக் கேட்க நமக்கு வாய்த்திருக்கும் பெரிய நூல் மணிமேகலை. குண்டலகேசி முழுதாகக் கிடைக்கவில்லை. அதற்கு மறுப்பாக எழுந்த சமண நூலான நீலகேசியில்தான் அதன் வாதங்கள் எதிரொலிக்கின்றன. 1898-இல் உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தபோது பௌத்தக் கோட்பாடுகளைச் சொல்லித்தரத் தமிழ்ப் புலவர் எவரும் அகப்படவில்லை. கும்பகோணம் கல்லூரி ஆசிரியர் ரங்காசாரியார் உதவியதால்தான் பல இடங்கள் தெளிந்தன. வழக்கின் ஒரு தரப்பை நாம் எவ்வளவு மறந்திருந்தோம் என்பதற்கு இதுவே சான்று.

நூலின் 27-ஆம் காதையில் வஞ்சி நகரத்தில் மணிமேகலை பல சமயத்தாரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சைவவாதியும் வைணவவாதியும் வேதவாதியும் அங்கே சில அடிகளில் முடிந்துவிடுகிறார்கள். பரபக்கம் பௌத்தருக்குக் கொடுத்த இடத்தை மணிமேகலை ஆசிரியர் சாத்தனார் சைவருக்குக் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு காஞ்சியில் அறவண அடிகளிடம் அளவை நூலையும், 30-ஆம் காதையில் பன்னிரு சார்புகளையும் கற்கிறாள். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். ஒன்று இருந்தால் அடுத்தது எழும், ஒன்று மறைந்தால் அடுத்தது மறையும். இந்தச் சங்கிலியில் கட்டப்பட்டவர் என்று ஒருவரும் தனியே இல்லை. கட்டுகளே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இங்கேதான் அந்தக் காப்பியம் தனக்குள் ஒரு பெரிய நெருக்கடியைச் சுமக்கிறது. மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டதும் மணிமேகலைக்குப் பழம்பிறப்புத் தெரிகிறது. அவள் முன்பு இலக்குமி. இன்று அவளைத் தொடரும் உதயகுமரன் முன்பு அவள் கணவன் இராகுலன். கதை முழுவதும் இந்தத் தொடர்ச்சியின்மேல் நிற்கிறது. அதே நான் திரும்பவும் வந்திருக்கிறேன் என்ற உணர்வு இல்லாவிட்டால் அவளுடைய தவிப்புக்குப் பொருளே இல்லை. கடைசிக் காதை அந்த நானை அவிழ்த்துவிடுகிறது. மிலிந்தன் என்ற யவன அரசனுக்கு நாகசேனர் சொன்ன விடையைப் பௌத்தர் இங்கே நினைவூட்டுவார்கள்: மாலையில் ஏற்றிய விளக்கு விடியும்வரை எரிந்தால், முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல. சாத்தனார் இதை வாதமாக வைக்காமல் வரிசையாக வைத்தார். முதலில் நான் யாராக இருந்தேன் என்று அறிதல், பிறகு அந்த நானே சார்பில் தோன்றியது என்று அறிதல். பழம்பிறப்பு அறியாதவளுக்குப் பன்னிரு சார்பு வெறும் பட்டியலாகத்தான் தெரிந்திருக்கும்.

சைவ சித்தாந்தத்தின் விடை வேறு திசையில் செல்கிறது. இறை, உயிர், பாசம் மூன்றும் தோற்றமில்லாதவை. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது. மலத்தைச் சார்ந்து மலமாய்க் கிடந்தது, சிவத்தைச் சார்ந்து சிவமாய் விளங்குகிறது. உண்மை விளக்கத்தில் மனவாசகங்கடந்தார் ஒரு படி மேலே போகிறார். முத்தியிலும் மூன்றும் உண்டு என்கிறார்: இன்பத்தைக் கொடுப்பவன், துய்க்கும் உயிர், ஆற்றல் அடங்கிய மலம். முத்தியிலும் மலம் உண்டு என்ற இந்தக் கூற்று முதல்முறை படிப்பவர்களைத் திகைக்கவைக்கும். எதுவும் இல்லாமல் போவதில்லை, அதன் வலி கெடுகிறது என்ற கொள்கையின் நேர்மையான முடிவு அது. பௌத்த அருகதருக்கு ஆசவங்கள் என்ற மனக்கசடுகள் வேரோடு அற்றுப்போகின்றன. சித்தாந்த முத்தனுக்கு ஆணவ மலம் ஒளிமுன் இருள்போல் ஒடுங்குகிறது. இந்த ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இரண்டும் ஒன்று என்று சொல்ல வழியில்லை.

சித்தாந்தத்தில் அருளின்றி முத்தி கிடையாது. மலம் பக்குவமாக வேண்டும், சத்தி பதிய வேண்டும், குருவாக இறைவன் வர வேண்டும். பழைய பௌத்தத்திலோ புத்தர் வழியைக் காட்டுபவர்; நடக்கவேண்டியது அவரவர் கால். ஆனால் இதை வைத்துப் பௌத்தம் தன்முயற்சி, இந்து சமயம் அருள் என்று கோடு கிழித்துவிட முடியாது. சாங்கியத்திலும் பூர்வ மீமாஞ்சையிலும் அருளுக்கு இடமில்லை. மறுபக்கம், மகாயானத்தில் பிற உயிர்களின் விடுதலைக்காகப் போதிசத்துவர் உழைக்கிறார். ஜப்பானின் ஷின்ரன் (1173–1263) அமிதாப புத்தரின் அருள் ஒன்றே போதும், தன்முயற்சி என்ற எண்ணமே தடை என்றார். அதை அடுத்த நூற்றாண்டளவில் திருவரங்கத்துப் பிள்ளை லோகாசாரியர் சரணாகதியைப் பற்றி எழுதியவை ஏறக்குறைய அதே இடத்தைத் தொடுகின்றன. ஒருவரையொருவர் அறியாமலே இருவரும் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

முத்தி யாருக்கு என்ற கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. சமுதாயத்தில் யாருக்கு? பிரம்ம சூத்திரத்தின் ஓர் அதிகரணம் சூத்திரருக்கு வேத வழி ஞானத்தில் உரிமையில்லை என்று தீர்க்கிறது; சங்கரரும் இராமானுசரும் உரையில் அதை உடன்படுகிறார்கள். எல்லா உயிரும் பிரம்மமே என்று நிறுவிய கையாலேயே சங்கரர் இதையும் எழுதினார் என்பது எனக்கு இன்றும் வலிக்கும் செய்தி. கீதை தன் வழியை எல்லோருக்கும் திறந்தது. தமிழ்ப் பக்தி இன்னும் அகலத் திறந்தது. ஆனால் பெரியபுராணத்து நந்தனார் தில்லைக்குள் செல்லுமுன் தீயில் மூழ்கி எழ வேண்டியிருந்தது. பெற்றான் சாம்பான் என்ற தாழ்த்தப்பட்டவருக்குச் சைவ ஆசாரியர் உமாபதி சிவம் தீக்கை தந்து உடனே முத்தி அளித்தார் என்பது சைவ மரபுக் கதை. நம்பாத அரசன்முன் ஒரு முள்ளிச் செடிக்கும் முத்தி கொடுத்துக் காட்டினாராம். மரத்துக்கு உயிர் உண்டா என்பது பரபக்கத்தில் பௌத்தரோடு நடக்கும் வழக்குகளில் ஒன்று என்பதை அறிந்தால் இந்தக் கதையின் ஆழம் விளங்கும்.

பௌத்த சங்கத்தில் நாவிதர் உபாலி சாக்கிய இளவரசர்களுக்கு முன்பே துறவு பெற்று அவர்களின் வணக்கத்தை ஏற்றார். குப்பை வாரிய சுனீதர் தேரராகப் போற்றப்பட்டார். பிக்குணியரோ எட்டுக் கடும் விதிகளுக்குக் கட்டுப்பட்டே சங்கத்தில் சேர முடிந்தது. பௌத்தமும் இந்த விஷயத்தில் முழுக் குற்றமற்றதன்று. ஆனாலும், பிறப்பு ஒருவரை விடுதலைக்குத் தகுதியற்றவர் ஆக்குவதில்லை என்பதைக் கொள்கையளவில் அது ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசரையும், 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவிய அம்பேத்கரையும் ஈர்த்தது அதுவே. அடுத்த ஆண்டு, அம்பேத்கர் மறைந்தபின் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூல், புத்தர் மோட்சத்தைத் தருபவர் அல்லர், மார்க்கத்தைத் தருபவர் என்று வரையறுக்கிறது. ஒருவரின் இந்நாள் வறுமைக்கு முற்பிறவி வினையைக் காரணம் காட்டுவதை அவர் ஏற்கவில்லை. பழைய பௌத்தர் பலர் இதனோடு உடன்பட மாட்டார்கள். ஆனால் கட்டுண்டவர் யார் என்ற கேள்விக்கு, ஒடுக்கப்பட்ட மனிதர் என்று அவர் தந்த விடையை அந்த நெடிய வழக்கில் ஒரு புதிய தரப்பாகவே நாம் சேர்க்கவேண்டும்.

அருணந்தியார் எழுதிய காலத்தில் நாகப்பட்டினத்தில் பௌத்தர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை நிவந்தமாக அளித்த சூடாமணி விகாரை அங்கே இருந்தது. அந்த நகரில் கிடைத்த பௌத்தப் படிமங்களின் காலம் பல நூற்றாண்டுகளுக்கு நீள்கிறது. சோழ மன்னன் வீரராசேந்திரன் பெயரில் வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரர் பௌத்தர். இந்த மண்ணில் பேசிக்கொண்டிருந்த அண்டை வீட்டாரோடுதான் சைவம் வாதாடியது. எதிர்த்தரப்பை அதன் வலுவான வடிவில் எடுத்துவைத்து மறுப்பது, அதை மதிக்கும் முறைகளில் ஒன்று. எல்லாம் ஒன்றே என்று தோளில் தட்டிவிட்டு நகர்வதில் அந்த மதிப்பு இல்லை.

மணிமேகலையைப் படிப்பவர்களில் பலர் ஆதிரை பிச்சையிட்டதோடும் ஆபுத்திரன் கதையோடும் நிறுத்திக்கொள்கிறார்கள். சித்தியாரைப் படிப்பவர்கள் பரபக்கத்தைத் தாண்டிச் சுபக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு நூல்களும் நல்ல உரைகளோடு அச்சில் கிடைக்கின்றன. மணிமேகலையின் 30-ஆம் காதையையும் பரபக்கத்துச் சௌத்திராந்திகன் பகுதியையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். எந்தப் பக்கம் சாய்வது என்பதை அதற்குப் பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.